ஒரு நூல் குறைவு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு மக்கீனின் முன்ஹாலில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் மக்கீன், சாரத்தோடும் பனியனோடும். உள்ளறைத் திரைக்குப் பின்னால் அவர் மனைவி. செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. மேல்மாடியில் வாடகைக்கு இருந்த மூன்று பேர். அதில் வரதராசா ஐம்பத்திரண்டு வயதுக்காரர், யாழ்ப்பாணம், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பிளான் வரைபவர். கறுப்பையா ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்குபவன். தனபாலன் இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்தவன், காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. இவர்களோடு ஒரு சார்ஜன்ட், இரண்டு கான்ஸ்டபிள்கள். ஜீப் ஓட்டி வந்தவன் கேற்றுக்கு வெளியே நின்று சிகரெட் குடித்தான். அவனைச் சேர்க்கத் தேவையில்லை.

2008ஆம் ஆண்டு. சண்டை வடக்கில் நடந்தது. கண்டிப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் சண்டை இல்லை, சோதனைதான். மாதத்தில் இரண்டு தடவை யாராவது வந்து வீட்டில் இருக்கிற தமிழரை எண்ணிக்கொண்டு போவார்கள். மக்கீன் வீட்டில் இருப்பவர்களின் பொலிஸ் பதிவுத் தாளை உறை போட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். தேடி எடுக்கிற நேரத்துக்கும் சந்தேகம் வருமாம்.

சார்ஜன்ட் கதிரையில் உட்கார்ந்து மூன்று அடையாள அட்டைகளையும் வாங்கினார். முதலில் கறுப்பையாவுடையது. பிளாஸ்டிக் உறைக்குள், படத்தில் காதுக்குப் பக்கத்தில், ஒரு செத்த எறும்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"எறும்பு மாத்தயா."

"எப்படி உள்ளே போச்சு?"

"கந்தோர்லயே போயிருச்சு மாத்தயா. கைக்கு வந்தப்பவே இருந்துச்சு. பதினோரு வருசமா எங்கூடத்தான் இருக்கு."

"அப்படியென்றால் அதுக்கும் தனியா ஒரு பதிவு போட வேணும்" என்றார் சார்ஜன்ட். கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். மக்கீனும் சிரித்து வைத்தார்.

தனபாலனுடையதை ஒரு பார்வை பார்த்து அடியில் தள்ளினார். வரதராசாவுடையதில் பிறந்த இடத்தைப் படித்ததும் வேகம் குறைந்தது. எப்போது கண்டிக்கு வந்தது, ஏன் வந்தது, குடும்பம் எங்கே. வரதராசா பிசகில்லாத சிங்களத்தில், யாழ்ப்பாணத்து இழுவையோடு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எல்லாம் முடிந்த மாதிரி இருந்தது. சார்ஜன்ட் மூன்று அட்டைகளையும் ஒன்றாகச் சேர்த்து, சீட்டுக்கட்டைத் தட்டுகிற மாதிரி மேசையில் தட்டி, ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார்.

விரல் நின்றது.

அந்தச் சோதனை தனபாலனுக்குத் தெரியும். அளவு சரியான இரண்டுக்கு நடுவில் சந்தேகமானதை வைத்துத் தட்டினால், அளவுகோல் தேவையில்லை, விரலே சொல்லிவிடும். அவன் வேலை செய்த இடத்தில் முதல் வாரமே ஒரு வீடியோவில் காட்டினார்கள்.

"இது ஒரு நூல் குறைவு" என்றார் சார்ஜன்ட். "வெட்டியிருக்கு. யார் வெட்டினது?"

"வரும்போதே அப்படித்தான் சேர் வந்தது" என்றார் வரதராசா. அவர் தனபாலன் பக்கம் பார்க்கவில்லை.

"எறும்பு தானா உள்ளே போகும். ஓரம் தானாக் குறையாது. ஓரத்தை வெட்டித் திறந்து, படத்தை மாற்றி, மறுபடி ஒட்டுறாங்க. போன மாதம் மட்டும் இரண்டு பிடிச்சோம்."

காற்சட்டை மாற்ற வரதராசாவுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். கண்ணாடியை எடுக்கவும் விட்டார்கள். ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு போனதும் மக்கீனின் மனைவி திரையை விலக்கி வந்து, மேசையில் கிடந்த பதிவுத் தாளை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

வெட்டியது தனபாலன்.

அவன் வேலை அப்படிப்பட்டது. குண்டசாலையில் ஒரு பழைய வீட்டில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் போட்டிருந்தார்கள். அமெரிக்காவில் பகல் என்றால் இங்கே இரவு, அதனால் இரவு வேலை. அங்கே ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகள் பைக்கற் பைக்கற்றாக வாங்கிச் சேர்த்த, விளையாட்டு வீரர் படம் போட்ட கார்ட்டுகளை இப்போது வளர்ந்தவர்கள் சேர்க்கிறார்கள். ஒரு கம்பனி அந்தக் கார்ட்டைப் பரிசோதித்து, ஒன்றிலிருந்து பத்து வரை தரம் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி அனுப்பும். அதற்கு முன்னால் கார்ட்டுகளைப் படமெடுத்துக் குண்டசாலைக்கு அனுப்புவார்கள். இங்கே இருக்கிறவர்கள் குறைகளைக் குறித்துக் கொடுக்க வேண்டும். ஒரு இரவுக்கு நூற்றைம்பது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் ஒரு பரீட்சைக்குத் தனபாலன் போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. பிறகு போவதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. கம்பளைப் பக்கத் தோட்டத்தில் இருக்கும் வீட்டுக்கு மட்டும் இன்னும் அவன் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தான். இந்த வேலைக்குச் சான்றிதழ் கேட்கவில்லை, கண் இருந்தால் போதும் என்றார்கள்.

குறைகளுக்கு இரண்டு பக்கம் உண்டு. தொழிற்சாலையில் வந்தது ஒரு பக்கம், பிறகு வந்தது மறு பக்கம். அச்சு நடுவிலிருந்து விலகியிருந்தால், மை கோடு விழுந்திருந்தால், ஒரு நிறமே விட்டுப்போயிருந்தால், வெட்டு தப்பிப் பக்கத்துக் கார்ட்டின் ஒரு கீற்று இதில் வந்திருந்தால், எல்லாம் தொழிற்சாலைக் குறை. அதற்காகக் கார்ட்டை ஒதுக்க மாட்டார்கள். தரத்தைக் குறைப்பார்கள், அல்லது தரத்தை அப்படியே போட்டு, குறை இன்னதென்று பக்கத்தில் ஓர் எழுத்தைச் சேர்ப்பார்கள். ஒரே பிழை ஆயிரம் கார்ட்டில் வந்து, அச்சடித்தவர்களும் பிறகு அதைத் திருத்தியிருந்தால், அந்தப் பிழைக்குத் தனிப்பெயர் வைத்து மேலே எழுதுவார்கள். அதைத் தேடி அலைகிறவர்களும் உண்டு. மடிப்பு, கறை, பேனாக் கீறல் எல்லாம் பிறகு வந்தவை. அதற்கும் ஏதோ ஒரு தரம் உண்டு. கத்தி பட்ட ஓரத்துக்கு மட்டும் தரம் இல்லை. திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை பின்னேரம், மேல்மாடியில் இதைத்தான் வரதராசாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். கறுப்பையா கடலை தின்றுகொண்டிருந்தான். மக்கீன் தண்ணீர் மோட்டரைப் பார்க்க ஏறி வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தொழிற்சாலைக் கத்தியே குட்டையா வெட்டிப்போட்டால்?" என்று கேட்டார் வரதராசா.

"அதாங்கய்யா கஷ்டம். பைக்கற்ற பிரிக்கறப்பவே குட்டையா இருக்கறதும் உண்டு. ஆனா அளவு குறைஞ்சா தரம் போட மாட்டாங்க. கம்பனி வெட்டுச்சா, வாங்குனவன் வெட்டுனானான்னு உறுதியாச் சொல்ல முடியாதாம்."

"மெய்யே? அப்ப பிழையில்லாதவனையும் திருப்பி அனுப்புவினம்."

"ஆமா. ஆனா குத்தம்னு எழுத மாட்டாங்க. அளவு குறைவுன்னு மட்டும்தான் எழுதுவாங்க."

"எங்கட கடைலயும் அப்படித்தான்" என்றார் துணிக்கடை வைத்திருக்கிற மக்கீன். "துணி குறஞ்சா கஸ்டமர் என்னத்தான் ஏசுவான். மில்லுக்குப் போய் ஏச மாட்டான்."

"துணி அளக்கறப்ப நீங்க அடிமட்டத்த சாய்ச்சுப் பிடிக்கறது ஊருக்கே தெரியும் நானா" என்றான் கறுப்பையா.

"ஒன்ட வாடகைய சாய்ச்சுப் பிடிக்கட்டா?"

வரதராசா சிரித்துக்கொண்டே பேர்ஸிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். "இதுக்கு எத்தினை புள்ளி போடுவீர்?"

தனபாலன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உறையை வெட்டிய யந்திரம் கோணலாக வெட்டியிருந்தது. இடப் பக்கம் பிளாஸ்டிக் ஓரம் மயிரிழை. வலப் பக்கம் விரல் அகலம், அதுவும் கீழே போகப் போக அகன்றது. அந்த அகன்ற மூலை பேர்ஸுக்குள் அடங்காமல் மடிந்து வெளுத்திருந்தது.

"பக்கவாட்டு எண்பதுக்கு இருபது. நடு விலகல். தொழிற்சாலைக் குறை. ஏழு போட்டு, பக்கத்தில ஒரு எழுத்து."

"ஏழோ? பரவாயில்லை. கந்தோரில எனக்கு அஞ்சுக்கு மேல ஒருத்தரும் போட்டதில்லை."

பிளான் வரைகிறவரின் மேசையில் இரும்பு அடிமட்டமும் பிளேட்டும் கிடந்தன. தனபாலன் எட்டு மாதமாக ஒவ்வொரு இரவும் கோணல் ஓரங்களைக் கம்ப்யூட்டர் திரைக்கு அந்தப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. "நேராக்கித் தரட்டுங்களாய்யா?" என்று கேட்டான். "தாரும்" என்றார் வரதராசா. அடிமட்டத்தை வைத்து ஒரே இழுப்பு. சுத்தமான வெட்டு. அட்டை பேர்ஸுக்குள் அழகாகப் போய் உட்கார்ந்தது. வரதராசா இரண்டு தடவை போட்டு எடுத்துப் பார்த்தார்.

வெட்டின ஓரம் என்றால் திருப்பி அனுப்பு என்று இரவுக்கு ஐந்தாறு தடவை பொத்தான் அழுத்துகிறவன்தான் அதைச் செய்தான். அது கார்ட், இது வேறு என்று அவன் நினைத்திருக்கலாம். உண்மையில் ஒன்றும் நினைக்கவில்லை. கோணலாக இருந்தது, நேராக்கினான்.

அன்று ஞாயிறு பதினொரு மணிக்கு மக்கீன் பொலிஸிலிருந்து திரும்பி வந்தார். அது இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். கதிரையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"நாளக்கிக் காலைல கொழும்புக்கு அனுப்புறாங்களாம். அங்க போனா எப்ப வருவாருன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். ஐசி, அதான் அட்டை, குடுத்த கந்தோர்ல கடிதம் எடுத்தா விடுவாங்களாம். இண்டைக்கு ஞாயிறு."

"இல்லாட்டி?" என்றான் கறுப்பையா.

"இல்லாட்டி வெட்டினவனக் கொண்டு வரட்டாம்."

கறுப்பையா தனபாலனைப் பார்த்தான். "நீ வெட்டறப்ப நான் கடலை தின்னுக்கிட்டிருந்தேன். நல்ல கடலை."

"தெரியும்."

"போகப் போறியா, தூங்கப் போறியா?"

"தெரியல."

"சப்பாத்து கால்லதான் இருக்கு. போறதுன்னா வசதி."

"வாயப் பொத்து" என்றார் மக்கீன். பிறகு தனபாலனிடம் குரலைத் தாழ்த்தினார். "மகன், போகாத. யோசிச்சுப் பாரு. கம்பஸ விட்டவன். ராவைல வேல. கம்ப்யூட்டர், பிளேட், அடிமட்டம். அவங்களுக்கு வேற என்ன வேணும்? அவரு கவர்ன்மென்ட் ஆளு. பெரியவங்க யாராச்சும் பேசினா விட்டுடுவாங்க."

"அவரு யாழ்ப்பாணத்தில பொறந்தவரு நானா."

மக்கீன் தொப்பியை எடுத்துத் திரும்பத் தலையில் போட்டார்.

தனபாலன் மேலே போய்க் கட்டிலில் விழுந்து சப்பாத்தோடு தூங்கினான். நன்றாகவே தூங்கினான். இரண்டு மணிக்கு எழும்பி முகம் கழுவினான். வரதராசாவின் மேசையில் பாதி வரைந்த பிளான் ஒன்று நாலு மூலையிலும் டேப் ஒட்டிக் கிடந்தது. கீழே மக்கீனின் மனைவி சோறு எடுத்து வைத்திருந்தார். சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனான். வழியில் இரண்டு இடத்தில் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். இரண்டு இடத்திலும் அவனுடைய அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பொலிஸில் இருந்த இன்ஸ்பெக்டர் மெலிந்த மனிதர். மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. தனபாலன் நின்றபடியே, சிங்களத்தில், நான்தான் வெட்டினேன் என்றான்.

"எதுக்கு?"

"கோணலா இருந்தது சேர்."

இன்ஸ்பெக்டர் மேசை லாச்சியைத் திறந்து கடித உறையிலிருந்து வரதராசாவின் அட்டையை எடுத்தார். "வெட்டினது நீ என்றே வைப்போம். உள்ளே படத்தை மாற்றவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"டோர்ச் இருக்கா சேர்?"

கொடுத்தார்கள். தனபாலன் அட்டையை மேசை விளிம்பில் படுக்க வைத்து, வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தான். இவ்வளவு நாளும் படத்தில் செய்ததை இப்போது கையில் செய்தான். வார்த்தைகள் தானாக வந்தன.

"மூன்று பக்கம் பாருங்க சேர். யந்திரம் வெட்டினது. ஓரம் மங்கல், கொஞ்சம் உருண்டை. நாலாவது பக்கம் மினுங்குது, கூர்மை. அது பிளேட். பிளேட் நின்ற இடத்தில ஒரு சின்னப் படி இருக்கு. இப்ப உள்ளே பாருங்க. கடதாசியைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஒட்டின கோடு நாலு பக்கமும் அறாம இருக்கு. என் வெட்டு அந்தக் கோட்டுக்கு வெளியே. இதைத் திறந்திருந்தா அந்தக் கோடு வெளுத்துப் பால் மாதிரி ஆகும். திரும்ப ஒட்டினாலும் போகாது."

இன்ஸ்பெக்டர் டோர்ச்சை வாங்கித் தானே பார்த்தார். நகத்தால் ஓரங்களைத் தடவினார். நாலு பக்கமும், இரண்டு தடவை.

"இது?" என்று சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினார்.

"எதுவும் செய்யல. மேல் பக்கம் கொஞ்சம் விலகல். கந்தோர்ல வந்தது."

"அது என்னுடையது" என்றார் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் வாயை மூடிக்கொண்டான். இன்ஸ்பெக்டர் கீழ் லாச்சியைத் திறந்து, நூல் கட்டிய கோப்புக்குள்ளிருந்து மூன்றாவதை எடுத்தார். "இது?"

தனபாலன் சரித்தான். வெளிச்சத்தை ஓட்டினான். இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

"திறந்திருக்கு சேர். இடப் பக்கம் கோடு வெளுத்திருக்கு. அதை மறைக்கத்தான் ஓரத்தை ஒட்ட வெட்டியிருக்காங்க. படம் பிறகு வந்தது."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

இன்ஸ்பெக்டர் அட்டையை வாங்கிக் கோப்புக்குள் வைத்து நூலைக் கட்டினார். "மூன்று வாரமா இவனை வைத்திருக்கிறோம். மழையில நனைஞ்சது என்கிறான். சும்மா ஒரு சந்தேகம்தான் இருந்தது. இந்தக் கிழமை விடுகிறதாக இருந்தோம்."

தனபாலன் டோர்ச்சை அணைத்து மேசையில் வைத்தான்.

"இதையெல்லாம் எங்கே படிச்சே?"

சொன்னான். குண்டசாலை, கம்ப்யூட்டர், அமெரிக்கக் கார்ட். இன்ஸ்பெக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"எங்கே பார்ப்பாங்க என்று தெரிஞ்சவனுக்கு, எங்கே மறைக்கிறது என்றும் தெரியும்."

"நான் அந்த வேலை செய்யல சேர்."

"செய்யாமல் இருக்கலாம். எனக்கு அது தெரியாதே."

வரதராசாவைக் கூட்டி வந்தார்கள். பெல்ட் இல்லாமல் காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. தனபாலனைக் கண்டதும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"இவன்தான் வெட்டினதா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

வரதராசா தரையைப் பார்த்தார். "ஓம் சேர்" என்றார் கடைசியில். "அவர்தான்."

"காலையில் ஏன் பொய் சொன்னே?"

"பயத்தில சேர்."

இன்ஸ்பெக்டர் ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதத்துக்குள் புது அட்டை எடுக்க வேண்டும், அதுவரை இந்தத் துண்டு. பெல்ட்டையும் பேர்ஸையும் கொடுத்தார்கள். வரதராசா பெல்ட்டைப் போடும்போது ஓட்டை கிடைக்காமல் கொஞ்ச நேரம் தடவினார்.

"ஏன் வந்தனீர்?" என்றார் தமிழில், பெல்ட்டைப் பார்த்தபடியே.

"தெரியலைங்கய்யா."

"சாப்பிட்டனீரோ?"

"ஆமா. சோறு."

"மக்கீனிட்ட சொல்லி நாளைக்கு ஆரையும்..."

"சிங்களத்தில் பேசு" என்றான் கான்ஸ்டபிள். வரதராசா நிறுத்திவிட்டார். சிங்களத்தில் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் நின்று பஸ் வருகிற பக்கம் எதுவென்று ஒரு தடவை இரண்டு பக்கமும் பார்ப்பது தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

தனபாலனின் பேர்ஸையும் கைபேசியையும் வாங்கி எழுதிக்கொண்டார்கள். பெல்ட் அவன் கட்டியிருக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். முந்திய இரவிலிருந்து காலில் கிடந்த சப்பாத்து. கழற்றியதும் கால் லேசாக இருந்தது.

நடைபாதையின் கடைசியில் இருந்தது அந்த அறை. கான்ஸ்டபிள் சாவியைத் தேடித் திறந்தான். உள்ளே ஒரே ஒருவன். முப்பது வயதிருக்கலாம், தாடி வளர்ந்திருந்தது, சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தான். புது ஆளைக் கண்டதும் காலை மடக்கி, பாயில் பாதியைக் கையால் தட்டி விட்டான்.

"வாங்க, உக்காருங்க. எந்த ஊரு?"

"கம்பளைப் பக்கம்."

"நம்ம பக்கந்தான். பயப்படாதீங்க, இங்க ரொம்ப நாள் வைக்க மாட்டாங்க. எனக்கே மூணு வாரம் ஆச்சு, இந்தக் கிழமை விடுறதாச் சொல்லியிருக்காங்க."

தனபாலன் அவன் முகத்தைப் பார்த்தான். கோப்பிலிருந்து வந்த அந்த அட்டையை நினைவுக்குக் கொண்டுவர முயன்றான். இடப் பக்கத்து ஓரம் நினைவு வந்தது. வெளுத்த கோடு வந்தது. கீழ் மூலையில் பிளாஸ்டிக் உரிந்திருந்த அளவுகூடச் சரியாக வந்தது. படத்தில் இருந்த முகம் வரவில்லை. அவன் அதைப் பார்க்கவே இல்லை. கார்ட்டில் இருப்பது யார் என்று பார்க்கிற வேலையை அவனுக்கு யாரும் கொடுத்ததில்லை.

"உங்களுக்கு என்ன கேஸு?" என்று கேட்டான் மற்றவன்.

"ஓரம் வெட்டினது."

"எனக்கும் ஐசிதான்" என்றான் அவன். இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

கான்ஸ்டபிள் தனபாலனின் முதுகில் கையை வைத்து உள்ளே தள்ளினான். கதவைச் சாத்தினான். கீழே ஒரு தாழ்ப்பாள், மேலே ஒரு தாழ்ப்பாள், அதற்கு மேல் பூட்டு. பூட்டு விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.